பூசணக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்கள்

வெங்காயம் நறுக்குவதற்கு ஒரே ஒரு சரியான முறைதான் உண்டு என்பதை என் கணவர் பணி ஓய்வு பெற்ற இரண்டாம் நாள் கண்டுபிடித்தார். அதுவரை முப்பத்தோரு வருடம் நான் தவறாக நறுக்கி, அவரும் அதைத் தவறாகவே சாப்பிட்டு, இரண்டு பேரும் எப்படியோ உயிரோடு இருந்திருக்கிறோம்.

இதை எழுதச் சொன்னது என் கொழுந்தன். அவருடைய ஒரே தம்பி. நானும் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பவர். இப்போது எங்கள் குளியலறையில் டைல்ஸை உடைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் சாப்பாட்டு மேசை ஒரு குதி குதிக்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கு அந்தச் சுத்தியல்தான் காரணம், என் பயம் இல்லை. எனக்குப் பயம் எதுவும் இல்லை.

"நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்க அண்ணி. நான் போய் வாயால சொன்னா அண்ணன் என்னைத்தான் அடிக்க வருவாரு" என்றார் தம்பி. வீட்டில் வேறு காகிதம் அகப்படவில்லை. என் கணவருடைய பூசணக் குறிப்பேட்டில் கடைசியில் ஏழெட்டுத் தாள் காலியாக இருந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நெஞ்சில் சளி என்றார்கள், பிறகு பூசணம் என்றார்கள். மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எந்த வீட்டுக்கு என்பதுதான் கேள்வி. நான் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தால் இங்கே வருவார்; மழுப்பினால் தம்பி தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். அப்படித்தான் பேச்சு. அவர் இல்லாத வீட்டில் இருப்பது என்னால் ஆகாது. இந்தப் பன்னிரண்டு நாளிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே எதையும் மறைக்கப்போவதில்லை.

அவர் சோப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர். குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். ஓரம் நசுங்கிய சோப்பு, முத்திரை மங்கிய சோப்பு, எதைக் கண்டாலும் வட்டமான சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தூக்கி ஓரமாக வைப்பார். அவர் ஒட்டினால் ஒட்டியதுதான், முதலாளியே வந்தாலும் பிரிக்க முடியாது. ஓய்வு பெற்ற அன்று மாலையும் சால்வையும் போட்டு அனுப்பினார்கள். அவர் பையில் ஒரு முழு ஸ்டிக்கர் சுருளும் இருந்தது.

முதல் வாரம் ஓட்டை விழுந்த வடிகட்டியில் ஒட்டினார். நியாயம்தான், நானும் சிரித்தேன். அடுத்த வாரம் கைப்பிடி ஆடுகிற வாணலி. அதற்கடுத்து மூடி சரியாகப் பொருந்தாத உப்பு ஜாடி. என் அம்மா வீட்டிலிருந்து வந்த ஜாடி அது. காலையில் எழுந்து சமையலறைக்குப் போனால் நேற்று இல்லாத சிவப்பு எங்கே முளைத்திருக்கிறது என்று தேடுவதே என் வேலையாகப் போயிற்று. பால் காய்ச்சும்போது பக்கத்தில் வந்து நிற்பார். "பாலை அடுப்புல வெச்சுட்டு அந்தண்டை இந்தண்டை போகக் கூடாதும்மா. பொங்கி வர்ற வரைக்கும் நின்னு, அணைச்சுட்டுத்தான் நகரணும்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதுதான் கஷ்டம். சண்டை போட்டால் திருப்பிச் சண்டை போடலாம்.

அப்போதுதான் குளியலறையில் பூசணம் பூத்தது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வருடத்தில் ஒன்பது மாதம் மழை. மீதி மூன்று மாதம், மழை வருமோ வருமோ என்று வேர்வை. உப்பு கசியும். தீக்குச்சி பற்றாது. அலமாரியில் வைத்த செருப்பு பச்சை கட்டிக்கொள்ளும். துவைத்த துண்டு காய்ந்தது என்று நாமாக நினைத்து மடித்து வைத்தால்தான் உண்டு. இந்த ஊரில் குளியலறை மூலையில் கறுப்புப் புள்ளி வருவது யாருக்கும் செய்தியே இல்லை. எல்லோரும் பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேய்ப்பார்கள், போகும், மறுபடி வரும், மறுபடி தேய்ப்பார்கள்.

அவர் அப்படி விடுகிற ஆளா? கதவோரத்து மேல்மூலையில் புள்ளிகளைக் கண்ட அன்றைக்கே இந்தக் குறிப்பேட்டை வாங்கி வந்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் எண் கொடுத்தார். ஸ்கேல் வைத்து அளந்தார். வினிகர் ஒரு பக்கம், பிளீச்சிங் ஒரு பக்கம், சோடா மாவு ஒரு பக்கம் என்று சுவரைப் பங்கு போட்டு எது முதலில் தோற்கிறது என்று பார்த்தார். பழைய பல் துலக்கும் பிரஷ்கள் ஒன்பது சேர்த்தார். காலை ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனால் ஒரு மணிக்குத்தான் வருவார். உள்ளேயிருந்து சீட்டிச் சத்தம் வரும். கல்யாணமான புதிதில் அடித்தது, அப்புறம் மறந்தே போயிருந்தார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என் சமையலறை எனக்குத் திரும்பக் கிடைத்தது. வெங்காயத்தை இஷ்டத்துக்கு நறுக்கினேன். சில நாள் அவர் சீட்டிக்கு இங்கிருந்து நானும் சேர்ந்து பாடுவேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் பதினேழாம் எண்ணின் கதையைச் சொல்வார். "இன்னிக்கு அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டேன்" என்பார். முகம் அப்படி மலர்ந்திருக்கும். எங்கள் இத்தனை வருடத்தில் அந்த ஐந்து மாதம் போல நாங்கள் சந்தோஷமாக இருந்ததில்லை என்று சத்தியம் செய்து சொல்வேன்.

தப்பு எங்கே நடந்தது என்றால், அவர் ஜெயித்துவிட்டார். சுவருக்குள் ஒழுகிய குழாயைக் கண்டுபிடித்து மாற்றினார். புது எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினார். சுவருக்கு ஏதோ மருந்துப் பெயிண்ட் அடித்தார். நாற்பது நாள் ஒரு புள்ளிகூட வரவில்லை. குறிப்பேட்டில் 'முற்றும்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார், முன்பக்கங்களில் இருக்கிறது. எழுதிவிட்டுச் சமையலறைக்கு வந்தார்.

நான் அடுப்பருகில் நின்றிருந்தேன். என் காலடியில் குனிந்து தரையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்.

"நீ நிக்குற இடமே தப்பும்மா. நாலு அங்குலம் இந்தப் பக்கம் நின்னா கை வீசுற தூரம் குறையும். இத்தனை வருஷமா வீணா வீசிட்டு இருந்திருக்கே" என்றார்.

நான் நாலு அங்குலம் தள்ளி நின்றேன். அவர் சொன்னது சரிதான், கை வீசுவது குறையத்தான் செய்தது. அன்று மத்தியானம் அரிசி கழுவிய தண்ணீரை நான் கொட்டவில்லை.

இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கிற புட்டி ஒன்று இருக்கிறது. அதில் ஊற்றி, அவர் தூங்கும் நேரம் பார்த்துக் குளியலறையின் மேல்மூலையில் தெளித்தேன். ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. அவர் அடித்திருந்த மருந்துப் பெயிண்ட் அப்படி. பிறகு அலமாரியில் பச்சை கட்டியிருந்த செருப்பின் மேல் பஞ்சை ஒற்றி, சுவரில் பெயிண்ட் உரிந்த இடமாகப் பார்த்து ஒற்றினேன். காற்று போய்விடக் கூடாதே என்று எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய்க்குள் ஒரு துண்டை நனைத்து உருட்டித் திணித்தேன். ஃபேன் சுற்றும், சத்தமும் போடும், காற்று மட்டும் எங்கேயும் போகாது. பத்தாம் நாள் கடுகளவு ஒரு புள்ளி வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததைப் பார்த்தவள் மாதிரி இருந்தேன்.

நானாக எதையும் சொல்லவில்லை. அவரே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தேன். மறுநாள் குளிக்கப் போனவர் தலைகூடத் துவட்டாமல் வெளியே ஓடி வந்தார்.

"ஏம்மா, திரும்ப வந்துட்டான்!"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைத் தம்பி கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் இன்று என்னை இப்படிப் பார்க்க மாட்டார். 'முற்றும்' என்ற வார்த்தையை அவர் அழகாக அடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடங்கியிருக்கிறார்.

அப்படியே இரண்டு வருடம் ஓடியது. அவர் தேய்ப்பார், நான் தெளிப்பேன். காலை அவருடையது, மத்தியானத் தூக்கம் என்னுடையது. கொஞ்ச நாளில் எனக்கும் கைப்பழக்கம் வந்துவிட்டது. எந்த இடுக்கில் பிடிக்கும், எங்கே பிடிக்காது, எத்தனை நாள் விட்டால் அவர் சலிக்காமலும் தோற்காமலும் இருப்பார் என்றெல்லாம் எனக்கு அத்துப்படி. அவருக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு வாரம் படுத்தால் நானும் விட்டுவிடுவேன். அவர் இல்லாத நேரத்தில் வளர்ப்பது நியாயமில்லை.

இருமல் எப்போது தொடங்கியது என்று தம்பி கேட்டார். இரண்டாவது மழைக்காலத்தில். முதலில் காலையில் மட்டும் இருமுவார். பிறகு படியேறினால். டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், அதை மறக்கக் கூடாது.

"வீட்டுல ஈரம் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒரே ஒரு மூலையிலதான். அதை நான் பாத்துக்குறேன் டாக்டர். தினமும் நாலு மணி நேரம்" என்றார் இவர், பெருமையாக.

"நீங்க பாத்துக்குறதுதாங்க பிரச்சினை" என்று டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "காய்ஞ்ச பூசணத்தைத் தேய்ச்சா தூளாப் பறக்கும். மூடுன ரூம்ல அதை மூச்சுல இழுத்துட்டு நின்னா நெஞ்சுல போய் உட்கார்ந்துக்கும். இனிமே நீங்க அந்தப் பக்கமே போகக் கூடாது. வேற யாராவது செய்யட்டும்."

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வேற யாராவதுன்னா யாரு? நீயா?" என்றார்.

"எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்குங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அன்று மாலையே மூக்கைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். டாக்டர் சொன்னதை நான் காற்றில் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. அன்றிலிருந்து அரிசித் தண்ணீரை அடியோடு நிறுத்தினேன். வெறும் தண்ணீர் மட்டும்தான் தெளித்தேன். தயவுசெய்து இதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

கடைசி இரண்டு மாதம் சீட்டிச் சத்தம் மாறியிருந்தது. மெலிசாக, இழுத்து இழுத்து, பாட்டே இல்லாமல் ஒரே சுரத்தில் வரும். ஏதோ புதுப் பாட்டு பழகுகிறார் என்று நினைத்தேன். அது சீட்டி இல்லை, அவர் மூச்சுதான் அப்படி ஊதியது என்பது பிறகுதான் தெரிந்தது.

பிறகுதான் என்று எழுதிவிட்டேன். ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே திருத்துகிறேன். ஒரு மாதம் முன்பே எனக்குத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். சீட்டி அடிப்பவர் மூச்சு வாங்க நிறுத்துவார். இது நிற்கவே இல்லை. கேட்டுவிட்டுப் போய் வெங்காயம் நறுக்கினேன்.

விழுந்த அன்றைக்கு வாளி உருண்ட சத்தம்தான் முதலில் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. பால் அடுப்பில் இருந்தது. பொங்கி வருகிற வரை நின்று, அணைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன். அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் அவருக்குப் பிடிக்காது. கதவைத் தள்ளிப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உதடு நீலமாக இருந்தது, கையில் பிரஷ் இருந்தது. ஆம்புலன்ஸுக்கு நானே கூப்பிட்டேன். கூட வந்தவர்கள் எல்லோரும் நான் பதறாமல் இருந்ததைப் பாராட்டினார்கள்.

நேற்றுத் தம்பி குளியலறையைப் பார்க்க வந்தார். அண்ணன் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று நல்ல எண்ணத்தோடு வந்தார். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். துண்டு வந்தது. பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணி, இது எங்க வீட்டுலேருந்து உங்க கிரகப்பிரவேசத்துக்குக் குடுத்த துண்டு இல்ல?"

"ஆமாம் தம்பி. ரொம்ப நல்ல துண்டு. இன்னும் நூல் பிரியலை பாருங்க" என்றேன்.

ஏணியிலிருந்து இறங்கி அப்படியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். பாவம், அவருக்கும் இரத்த அழுத்தம் உண்டு. தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "ஏன் அண்ணி?" என்றார், நேற்று அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தம்பி, இதுதான் காரணம். உங்கள் அண்ணனுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. எனக்கு ஒரு சமையலறை வேண்டியிருந்தது. இரண்டையும் நான்தான் செய்து கொடுத்தேன். துண்டை வைத்தது நான். தெளித்தது நான். டாக்டர் சொன்ன பிறகும் தெளித்தது நான். பால் பொங்கட்டும் என்று நின்றதும் நான்தான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை அவரிடம் நானே கொடுக்கிறேன். படித்துவிட்டு அவர் வரமாட்டேன் என்றால் உங்கள் வீட்டுக்கே கூட்டிப் போங்கள். ஆனால் அவர் வருவார்.

இதற்குப் பிறகு வரும் பக்கம் தம்பிக்கு இல்லை. கிழித்து எடுத்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

காலித் தாளைத் தேடும்போது இந்தக் குறிப்பேட்டை முதல் முறையாகப் புரட்டினேன். எல்லாம் எண்கள், மில்லிமீட்டர்கள். நடுவே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த தேதியில் நாலு வரி எழுதியிருக்கிறார்: "தூள் பறக்குமாம். இனி அவளை இந்தப் பக்கம் விடக் கூடாது. கேட்டால் வேலை இருக்கிறது என்கிறாள், நல்லதாகப் போயிற்று. கதவு இடுக்கில் துணி வைத்து அடைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு துளியும் சமையலறைக்குப் போகக் கூடாது. அவள் அங்கே பாடுகிறாள்."

அவர் கதவைச் சாத்தியது சீட்டி அடிப்பதற்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் வெளியே ஃபேனை அடைக்க, அவர் உள்ளே கதவை அடைத்திருக்கிறார். படித்ததும் அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். இப்படிப்பட்ட மனிதர் யாருக்குக் கிடைப்பார்? அவருக்காக நான் எதையும் செய்வேன்.

அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, அவர் வந்தால் படுப்பதற்குப் படுக்கையறையை ஒழுங்குபடுத்தினேன். ஜன்னலோரம் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஒரு வேலையும் செய்யக் கூடாதாம், காலையிலிருந்து ராத்திரி வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமாம். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து சமையலறை நன்றாகத் தெரிகிறது. அடுப்பு தெரிகிறது, தரையில் அந்தச் சிவப்பு ஸ்டிக்கர்கூடத் தெரிகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் ஒடிந்துபோவார். என்னைவிட அவரை யாருக்குத் தெரியும்?

பீரோவை நகர்த்தியபோது பின்சுவர் லேசாக ஓதமேறியிருந்தது. கீழ்மூலையில் ஒரு புள்ளி, பொட்டு அளவுதான் இருக்கும். நான் வைத்ததில்லை, தானாகவே வந்தது. தம்பியிடம் சொல்லவில்லை, அவருக்குக் குளியலறை வேலையே கழுத்துவரை இருக்கிறது. பீரோவைத் திரும்ப நகர்த்தி ஒட்டி வைத்துவிட்டேன். கழுவிக் கவிழ்த்திருந்த அந்தத் தெளிக்கிற புட்டியை நிமிர்த்தி வைத்தேன். அவரே கண்டுபிடிக்கட்டும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு.

இந்தத் தடவை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேய்க்கச் சொல்ல வேண்டும்.